கால் கோஸ், வாடிய கேரட், ஒரு பிடி நூடுல்ஸ்

ஃப்ரிட்ஜின் அடித்தட்டை இழுத்துப் பாருங்கள். நறுக்கியது போக மீந்த கால் முட்டைக்கோஸ், நுனி வாடிய ஒரு கேரட், நாலைந்து பீன்ஸ், பாதிக் குடைமிளகாய், வெங்காயத்தாள் இரண்டு. தனித்தனியாக எடுத்தால் எதுவும் ஒரு வேளைக்குக் காணாது. அதனால்தான் அங்கேயே கிடக்கின்றன. இன்னும் இரண்டு நாள் விட்டால் குப்பைக்குப் போய்விடும். இவற்றை ஒரு பிடி நூடுல்ஸோடு சேர்த்துப் புரட்டினால் இரண்டு பேர் வயிறாரச் சாப்பிடலாம். நறுக்கவும் வேகவைக்கவும் அரை மணி நேரம், வாணலியில் ஏழெட்டு நிமிடம்.

இதுவரை அடுப்புப் பக்கமே போகாதவர்களை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அதனால் அளவு, நேரம், வரிசை எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும்: வதக்கிய நூடுல்ஸைப் பெரும்பாலும் கெடுப்பது ஈரம்தான். சாஸ் சரியில்லை, காரம் பத்தவில்லை என்று நாம் நினைக்கிற இடத்தில்கூட, பார்த்தால் வாணலியில் தண்ணீர் கூடிப் போயிருக்கும்.

போன மாதம் என் தங்கை மகன் முதல்முறையாக நூடுல்ஸ் செய்தான். நான் பக்கத்தில் நின்றேனே தவிர குறுக்கே பேசவில்லை. வடித்த நூடுல்ஸைச் சொட்டச் சொட்ட ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்தான். நான்கு பேருக்கான காயை ஒரே மூச்சில் வாணலியில் கொட்டினான். சர்ரென்று ஒரு சத்தம் வந்து, பத்து நொடியில் அடங்கிவிட்டது. ஓரமெல்லாம் வெளிறிய நீர் கசிந்து, கோஸ் அதில் மிதக்க ஆரம்பித்தது.

“பெரியம்மா, தண்ணி விட்டுக்கிட்டே இருக்கு. இது எப்பச் சுண்டும்?”

“அது சுண்டறதுக்குள்ள காய் குழைஞ்சிடும்டா. பாதியை எடுத்துத் தட்டுல வை, தீயைக் கூட்டு.”

அப்படியே செய்தான். ஒரு நிமிடத்துக்குள் சத்தம் திரும்பி வந்தது. அந்தச் சத்தம் கேட்கிற வரைக்கும் வேலை சரியாக நடக்கிறது என்று அவனிடம் சொன்னேன். உங்களுக்கும் அதையேதான் சொல்வேன்: கண்ணைவிடக் காதை நம்புங்கள்.

ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். காயைச் சுற்றி நீர் நிற்கிற வரை, அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் அதன் மேற்பரப்பு அந்தச் சூட்டைத் தாண்டாது, காய் அவிந்துகொண்டிருக்கும். ஓரம் இலேசாகச் சிவந்து அந்த மணம் வருவதற்குச் சுமார் 140 டிகிரியாவது வேண்டும். உணவில் இருக்கும் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூட்டில் சேர்ந்து நிறமும் மணமும் கொடுக்கும் இந்த வேதிமாற்றத்தை பிரெஞ்சு அறிவியலர் லூயி காமில் மயார் 1912-இல் விவரித்தார். அவர் பெயரிலேயே அது இன்றும் வழங்குகிறது. முட்டைக்கோஸிலும் காளானிலும் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர். கேரட்டிலும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஆக, காய் நீர் விடத்தான் செய்யும். வெளிவரும் நீர் உடனுக்குடன் ஆவியாகப் போகும்படி வாணலியைச் சூடாகவும் காலியாகவும் வைத்திருப்பதுதான் நம் வேலை. மிச்சக் காயில் செய்வதில் இது ஒரு வசதி: காய் கொஞ்சமாகத்தான் இருக்கும், வாணலி நிறையாது.

காயைத் தேர்ந்தெடுப்பது

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-இல் உலகில் வீணாகப் போன உணவு ஏறத்தாழ 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் கிடக்கும் கால் கோஸும் அந்தக் கணக்கில்தான் சேரும். ஆனாலும் வீணாக்கக் கூடாது என்பதற்காகக் கெட்டுப்போனதைச் சமைக்க வேண்டாம். வாடியது வேறு, கெட்டது வேறு.

வாடிய கேரட் வளைத்தால் ஒடியாமல் ரப்பர் போல வளையும். அதிலிருந்து நீர் போயிருக்கிறது, அவ்வளவுதான். நுனியை வெட்டிவிட்டு நல்ல குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் போட்டு வையுங்கள். நீரை உறிஞ்சி மறுபடி விறைத்துக்கொள்ளும். கோஸ், பீன்ஸ், வெங்காயத்தாள், கீரைத் தண்டு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கோஸின் வெட்டிய முகம் பழுப்பேறியிருந்தால் அந்த ஓரத்தை மட்டும் மெல்லிசாகச் சீவி எறிந்துவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ளலாம்.

கையில் வழவழவென்று ஒட்டினால், புளித்த வாடை வந்தால், குடைமிளகாய் போன்ற மென்மையான காயில் பூஞ்சை தெரிந்தால் தயங்காமல் தூக்கிப் போடுங்கள். மென்மையான காயில் பூஞ்சை கண்ணுக்குத் தெரிகிற இடத்தோடு நிற்பதில்லை, உள்ளே இறங்கியிருக்கும். அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பயனில்லை.

சில காய்கள் நல்ல நிலையில் இருந்தாலும் இந்தச் சமையலுக்கு ஒத்துவராது. உருளைக்கிழங்கு ஏழெட்டு நிமிடத்தில் வேகாது. பீட்ரூட் எல்லாவற்றையும் சிவப்பாக்கிவிடும். தக்காளி நீரைக் கொட்டும். கத்தரிக்காய் எண்ணெயைக் குடிக்கும். வேறு எதுவும் இல்லாத நாளில் கத்தரிக்காயைத் தனியாக வதக்கிக் கடைசியில் சேர்க்கலாம். மற்ற மூன்றும் வேண்டாம்.

ஏற்கெனவே வெந்த காய் மீந்திருந்தால் அதையும் பயன்படுத்தலாம். அவித்த பட்டாணி, சோளமணி, வேகவைத்த காலிஃபிளவர் போன்றவை சூடேறினால் போதும் என்பதால் கடைசி ஒரு நிமிடத்தில் போட வேண்டும்.

ஒரு ஆளுக்கு 150 கிராம் காய் வைத்துக்கொள்ளுங்கள். நறுக்கிய பின் இரண்டு கை குவித்து அள்ளினால் வருகிற அளவு. எடைபோட வேண்டிய அவசியமில்லை. நூடுல்ஸும் காயும் பார்வைக்குச் சரிபாதியாக இருந்தால் எனக்குப் பிடிக்கும். காய் கொஞ்சம் தூக்கலாக இருந்தாலும் நன்றாகவே இருக்கும்.

நறுக்குவது

நூடுல்ஸ் நீளமானது என்பதால் காயும் நீளமாக இருப்பது நல்லது. அப்போதுதான் முள்கரண்டியில் சுருட்டும்போது இரண்டும் சேர்ந்து வரும். சதுரமாக நறுக்கிய காய் நழுவித் தட்டின் அடியில் தங்கிவிடும். நூடுல்ஸ் தீர்ந்த பிறகு காயை மட்டும் தனியாகச் சாப்பிட வேண்டியிருக்கும்.

கேரட்தான் புதியவர்களைப் படுத்துகிற காய். உருண்டுகொண்டே இருக்கும். முதலில் அதை விரல் நீளத் துண்டுகளாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டையும் நெடுக்கில் இரண்டாகப் பிளந்து, தட்டையான பக்கம் கீழே வரும்படி பலகையில் வையுங்கள். இனி அது உருளாது. அதை மெல்லிய பட்டைகளாகச் சீவி, இரண்டு மூன்று பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தீக்குச்சியைவிடக் கொஞ்சம் தடிமனான குச்சிகளாக நறுக்குங்கள். காயைப் பிடித்திருக்கும் கையின் விரல் நுனிகள் உள்ளே மடங்கியிருக்கட்டும். கத்தியின் பக்கவாட்டு விரல் முட்டியைத் தொட்டபடி இறங்கினால் வெட்டுக்காயம் படாது. ஆரம்பத்தில் மெதுவாகத்தான் வரும். வேகத்தைவிட எல்லாக் குச்சியும் ஒரே தடிமனில் இருப்பது முக்கியம். தடித்ததும் மெலிந்ததுமாகக் கலந்திருந்தால் ஒன்று பச்சையாகவும் இன்னொன்று குழைந்தும் போகும்.

கோஸில் நடுத்தண்டை நீக்கிவிட்டு அரை சென்டிமீட்டர் அகல இழைகளாக நறுக்குங்கள். ரொம்பப் பொடிசாக நறுக்கினால் நீர் அதிகம் விடும். பீன்ஸைச் சாய்வாக, மெல்லிசாக. குடைமிளகாயை விதை நீக்கி நீளவாக்கில். காளானைச் சற்றுத் தடிமனாகவே நறுக்கலாம், அது சுருங்கிவிடும். புரோக்கோலி மீந்தால் பூவை மட்டும் எடுத்துக்கொண்டு தண்டை எறிந்துவிடாதீர்கள். தடித்த தோலைச் சீவினால் உள்ளே இளம்பச்சையாக ஒரு தண்டு இருக்கும். அதைக் குச்சியாக நறுக்கி வதக்கினால் பூவைவிட இனிப்பாக இருக்கும்.

நறுக்கியதை மூன்று தட்டில் பிரித்து வையுங்கள். கேரட், பீன்ஸ், காலிஃபிளவர், புரோக்கோலித் தண்டு போன்று வேக நேரமாகிறவை முதல் தட்டில். கோஸ், குடைமிளகாய், காளான், வெங்காயம் இரண்டாவதில். வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி, கீரை, அவித்த பட்டாணி இவையெல்லாம் மூன்றாவதில். பூண்டு மூன்று நான்கு பல், சுண்டுவிரல் நுனி அளவு இஞ்சி இரண்டையும் பொடியாக நறுக்கித் தனியாக ஒரு சின்னக் கிண்ணத்தில்.

அப்புறம் ஈரம். காயைக் கழுவி நறுக்கிய கையோடு வாணலிக்குக் கொண்டுபோகாதீர்கள். நறுக்குவதற்கு முன்பே கழுவி, ஒரு துணியில் பரப்பித் துடைத்துவிட்டால் வேலை மிச்சம். தண்ணீரில் ஊறிய கேரட்டுக்கு இது கட்டாயம்.

நூடுல்ஸ்

ஒரு ஆளுக்கு 75 முதல் 100 கிராம் காய்ந்த நூடுல்ஸ். வெந்தால் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும் என்பதால் பாக்கெட்டில் பார்க்கும்போது குறைவாகத் தெரிந்தாலும் கூட்டிப் போடாதீர்கள்.

கோதுமை நூடுல்ஸ்தான் பழகுவதற்கு ஏற்றது. மஞ்சளாக இருந்தால் முட்டை சேர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். சில வகைகளில் சோடியம் கார்பனேட், பொட்டாசியம் கார்பனேட் போன்ற கார உப்பைச் சேர்த்து மாவைப் பிசைவார்கள். அந்தக் காரத்தினாலும் மஞ்சள் நிறமும் இழுபடும் தன்மையும் வரும். முட்டை சாப்பிடாதவர்கள் நிறத்தை வைத்து முடிவெடுக்காமல் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

இரண்டு பேருக்கான நூடுல்ஸுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வையுங்கள். பாத்திரம் பெரியதாக இருந்தால்தான் நூடுல்ஸ் ஒன்றோடொன்று ஒட்டாமல் அலைந்து வேகும். தளதளவென்று கொதித்த பிறகு ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டு, முதலில் அந்த முதல் தட்டுக் காயை மட்டும் ஒரு நிமிடம் போட்டு அரித்தெடுத்துவிடுங்கள். பீன்ஸுக்கும் காலிஃபிளவருக்கும் இது ரொம்ப உதவும். பிறகு வாணலியில் பச்சை வாசனை போகவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். அரித்த காயைத் துணியில் பரப்பி ஆறவிடுங்கள். அதே கொதிநீரில் நூடுல்ஸைப் போடுங்கள். உடைக்க வேண்டாம். முதல் ஒரு நிமிடம் தானாக இளகட்டும், அப்புறம் முள்கரண்டியால் பிரித்துவிடுங்கள்.

பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னாலேயே ஒரு இழையை எடுத்துக் கடித்துப் பாருங்கள். வெந்திருக்க வேண்டும், ஆனால் நடுவில் பல்லுக்கு இலேசாக ஒரு எதிர்ப்பு இருக்க வேண்டும். அதுதான் பதம். மீதி வேக்காடு வாணலியில் நடக்கும். அந்த ஒரு நிமிடம் முன்னாலேயே எடுக்காவிட்டால், புரட்டும்போது நூடுல்ஸ் பொடிந்து களியாகிவிடும்.

உடனே வடிதட்டில் கொட்டி, குளிர்ந்த குழாய்நீரில் கையால் அலசுங்கள். இதற்கு இரண்டு காரணம். ஒன்று, உள்ளே இருக்கும் சூடு நின்று மேற்கொண்டு வேகாது. இன்னொன்று, வேகும்போது வெளியே வந்து இழைகளின் மேல் படிந்த மாவு கழுவிப் போகும். ஒட்டிக்கொண்டு கட்டியாவது அந்த மாவினால்தான். அலசிய நீர் கலங்கலாக இல்லாமல் தெளிந்து வரும்வரை அலசுங்கள்.

இப்போது பலரும் அவசரப்படுகிற இடம் வருகிறது. வடிதட்டை நன்றாக உதறுங்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு விரல்களால் பிசறி, அகலமான தட்டில் பரப்பி, பத்துப் பதினைந்து நிமிடம் அப்படியே விடுங்கள். தொட்டால் கையில் நீர் ஒட்டக் கூடாது. நேரம் இருந்தால் முந்தின இரவே வேகவைத்து எண்ணெய் பிசறி மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். குளிர்ந்து இறுகிய நூடுல்ஸ் வாணலியில் தனித்தனி இழையாக அழகாகப் பிரியும். எனக்கு நேரமிருந்தால் எப்போதும் இப்படித்தான்.

அரிசி நூடுல்ஸ் என்றால் கொதிக்கவிட வேண்டாம். அடுப்பை அணைத்த சுடுநீரில் ஊறவைத்தால் போதும்: இழை மெல்லிசாக இருந்தால் மூன்று நான்கு நிமிடம், பட்டையாக இருந்தால் எட்டுப் பத்து நிமிடம். வளைத்தால் உடையாமல் வளைய வேண்டும், ஆனால் இன்னும் சற்று விறைப்பாக இருக்க வேண்டும்.

உடனடி நூடுல்ஸ்தான் கையில் இருக்கிறது என்றால் அதுவும் சரி. அதில் பெரும்பாலானவை முன்பே வேகவைத்து எண்ணெயில் பொரித்து உலர்த்தியவை. மோமோஃபுக்கு ஆண்டோ 1958-இல் ஜப்பானில் அறிமுகப்படுத்திய முதல் உடனடி நூடுல்ஸும் அப்படிச் செய்ததுதான். அதனால் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் வேகவைக்காதீர்கள். எண்ணெய் பிசறுவதும் தேவையில்லை. கூட வரும் மசாலாப் பொட்டலத்தில் உப்பு நிறைய இருக்கும். அதைப் போட்டால் கீழே சொல்லப்போகிற சோயா சாஸைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

சாஸைக் கிண்ணத்திலேயே கலந்துவிடுங்கள்

அடுப்பு எரியும்போது ஒவ்வொரு புட்டியாகத் திறந்து ஊற்றிக்கொண்டிருந்தால் ஏதாவது ஒன்று கருகும். இரண்டு பேருக்கு: சோயா சாஸ் ஒன்றரை மேசைக்கரண்டி, மிளகாய் சாஸ் இரண்டு தேக்கரண்டி, சர்க்கரை அரைத் தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி. எல்லாம் ஒரு சின்னக் கிண்ணத்தில், சர்க்கரை கரையும்வரை கலக்குங்கள். வினிகர் ஒரு தேக்கரண்டி. அதை இதோடு சேர்க்காமல் தனியாக வையுங்கள்.

தனியாக உப்பு வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி சாதாரண சோயா சாஸில் ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுவதற்கும் 2,000 மில்லிகிராமுக்குள் இருக்கட்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சாஸை ஏன் அளந்து ஊற்றச் சொல்கிறேன் என்பது புரியும். அதுவுமில்லாமல் சாஸும் ஈரம்தான். சுவை பத்தவில்லை என்று புட்டியைக் கவிழ்த்தால் கஷ்டப்பட்டு உலர்த்திய நூடுல்ஸ் மறுபடி ஊறிவிடும்.

சோயா சாஸின் அந்த ஆழ்ந்த சுவை குளூட்டமேட்டிலிருந்து வருவது. கடற்பாசிச் சாற்றிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, உமாமி என்று அந்தச் சுவைக்குப் பெயர் வைத்தவர் ஜப்பானிய வேதியியலர் கிகுனே இக்கேடா, ஆண்டு 1908. காளானிலும் அதே வகைச் சுவை இருப்பதால் மிச்சத்தில் இரண்டு காளான் இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

வாணலியும் சூடும்

28 அல்லது 30 சென்டிமீட்டர் அகலமுள்ள வாணலி இரண்டு பேருக்குச் சரியாக இருக்கும். நான்கு பேருக்கு வேண்டுமானால் இரண்டு தடவையாகச் செய்யுங்கள். பெரிய உணவகங்களின் அடுப்பு வீட்டு அடுப்பைவிடப் பல மடங்கு சூடு தரும். அங்கே ஒரு குவியலையே போட்டாலும் வாணலி ஆறாது. கான்டனீஸ் சமையல்காரர்கள் ‘வாக் ஹே’ என்று சொல்கிற, வாணலியின் மூச்சு என்று பொருள்படும் அந்தப் புகைமணம் அப்படிப்பட்ட சூட்டில் வருவது. வீட்டில் அதன் பக்கத்தில் போக வேண்டுமானால் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவதுதான் வழி.

இரும்பு அல்லது எஃகு வாணலி என்றால் எண்ணெய் விடுவதற்கு முன் நல்ல தீயில் காயவைத்து, ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டுப் பாருங்கள். சொட்டு பரவிச் சீறி மறைந்தால் இன்னும் சூடு வேண்டும். முத்துப் போல உருண்டு ஓடினால் தயார். சொட்டுக்கு அடியில் ஆவி ஒரு மெத்தை போல நின்று அதைத் தூக்கிப் பிடிப்பதால் அப்படி ஓடுகிறது. ஜெர்மன் மருத்துவர் லைடன்ஃப்ராஸ்ட் 1756-இலேயே இதை எழுதி வைத்திருக்கிறார். சொட்டு முழுவதும் காய்ந்த பிறகே எண்ணெய்.

ஒட்டாத பூச்சுள்ள வாணலிக்கு இந்தச் சோதனை கூடாது. வெறுமனே நல்ல தீயில் காயவைத்தால் சீக்கிரமே 260 டிகிரியைத் தாண்டி, பூச்சு சிதைந்து கெட்ட புகை வரத் தொடங்கும். எண்ணெயை முதலிலேயே விட்டு, மிதமான தீயைவிடச் சற்றுக் கூடுதலாக வையுங்கள். எண்ணெய் வாணலியில் தண்ணீர் போல வேகமாக ஓடினால் போதும்.

சுத்திகரித்த கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ அதிகச் சூட்டைத் தாங்கும். வறுத்த எள்ளில் எடுத்த எண்ணெய் இருந்தால் அதை வதக்கப் பயன்படுத்த வேண்டாம். அடுப்பை அணைத்த பிறகு அரைத் தேக்கரண்டி விட்டால் மணம் அப்படியே நிற்கும்.

அடுப்பில்

தட்டுகள், சாஸ் கிண்ணம், நூடுல்ஸ் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். இனி நடுவில் எதையும் தேடப் போக முடியாது.

முட்டை சேர்ப்பதாக இருந்தால் அதுதான் முதல். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் இரண்டு முட்டையை அடித்து ஊற்றி, பெரிய துண்டுகளாகக் கிளறி, முக்கால் பதத்தில் எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள்.

வாணலியில் ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய். காய்ந்ததும் முதல் தட்டுக் காய். பரப்பிவிட்டு இருபது நொடி கையை வைக்காதீர்கள். கிளறிக்கொண்டே இருந்தால் எதுவும் சிவக்காது. அப்புறம் ஒரு புரட்டுப் புரட்டி இன்னொரு இருபது நொடி. ஒன்றரை நிமிடத்தில் கேரட்டின் ஓரங்களில் பழுப்புப் புள்ளிகள் தெரியும்.

இரண்டாவது தட்டைப் போடுங்கள். சத்தம் ஒரு கணம் தணியும், தீயைக் குறைக்காமல் இருந்தால் மேலே ஏறும். ஏறவில்லையென்றால் காய் அதிகம். தங்கை மகன் செய்தது போலப் பாதியை எடுத்துவிடுங்கள். ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் ஆகும். கோஸ் வளைய வேண்டும், ஆனால் கடித்தால் நறுக்கென்று இருக்க வேண்டும்.

காயை ஓரமாக ஒதுக்கி, நடுவில் அரைத் தேக்கரண்டி எண்ணெய் விட்டு இஞ்சியையும் பூண்டையும் போடுங்கள். பல குறிப்புகளில் பூண்டை முதலிலேயே போடச் சொல்வார்கள். கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு அது சரிப்படும். புதியவர்கள் காயைப் போடுவதற்குள் பூண்டு கருகிக் கசந்துவிடும். இப்படி நடுவில் போட்டால் பதினைந்து நொடியில் மணம் வரும், உடனே எல்லாவற்றையும் கலந்துவிடலாம்.

இப்போது நூடுல்ஸ். கட்டியாக இருந்தால் கையால் உதிர்த்துப் போடுங்கள். கரண்டியால் கிளறினால் உடையும். இடுக்கியோ இரண்டு முள்கரண்டியோ எடுத்து, அடியிலிருந்து தூக்கித் தூக்கிப் போடுங்கள். ஒரு நிமிடம் அப்படிச் செய்து சூடேறியதும், சாஸை வாணலியின் ஓரத்தில் சுற்றிலும் ஊற்றுங்கள். நூடுல்ஸின் தலையில் ஊற்ற வேண்டாம். சூடான ஓரத்தில் பட்டதும் சாஸ் குபுகுபுவென்று பொங்கிச் சுண்டும், அந்த நொடியில் எழுகிற மணம்தான் அடுத்த அறையில் இருப்பவரை எழுந்து வரவைக்கும். உடனே தூக்கிப் புரட்டுங்கள். எல்லா இழையும் ஒரே நிறத்துக்கு வரும்வரை, ஏறக்குறைய ஒரு நிமிடம்.

மூன்றாவது தட்டும் எடுத்து வைத்த முட்டையும் இப்போது. அரை நிமிடம் புரட்டி அடுப்பை அணையுங்கள். அணைத்த பிறகு வினிகர். அதன் புளிப்பு சூட்டில் ஆவியாகிப் போய்விடும் என்பதால்தான் தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன். ஒரு வாய் எடுத்துச் சுவைத்துப் பாருங்கள். உப்பு குறைந்தால் அரைத் தேக்கரண்டி சோயா சாஸ், தட்டையாக இருந்தால் இன்னும் கொஞ்சம் வினிகர்.

கெட்டுப்போனால்

நூடுல்ஸ் வாணலியில் ஒட்டினால் சுரண்டாதீர்கள். ஓரத்தில் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து அரை நிமிடம் விட்டால் தானே விடும். ஈரத்தை இவ்வளவு திட்டிய நானே சொல்கிறேன். வாணலியில் நீர் தேங்கிவிட்டால் நூடுல்ஸைப் போடுவதற்கு முன்பே காயை அரித்தெடுத்து, அந்த நீரைத் தனியாகச் சுண்டவிட்டு, பிறகு காயைச் சேர்க்கலாம். உப்புக் கூடிவிட்டால் தண்ணீர் விட வேண்டாம். இன்னொரு கைப்பிடி கோஸைத் தனியாக வதக்கிக் கலந்துவிடுங்கள். கொஞ்சம் சர்க்கரையும் வினிகரும் உப்பை மட்டுப்படுத்திக் காட்டும். நூடுல்ஸ் ஏற்கெனவே குழைந்துவிட்டதென்றால் புரட்ட வேண்டாம். வாணலியில் எண்ணெய் விட்டுப் பரப்பி, அடை போல அழுத்தி, இரண்டு பக்கமும் மொறுமொறுவென்று சிவக்க விடுங்கள். அதன் மேல் வதக்கிய காயைக் கொட்டிச் சாப்பிட்டால் அதுவே ஒரு தனிச் சுவை.

மீந்துவிட்டால்

மாவுச்சத்துள்ள வெந்த உணவை வெளியில் வைத்திருப்பது ஆபத்து. பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் விதைத்துகள் கொதிநீரிலும் சாகாமல் இருந்து, அறைச் சூட்டில் பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மறுபடி சூடுபடுத்தினாலும் அழியாது. அதனால் சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் மூடிய பாத்திரத்தில் ஃப்ரிட்ஜுக்குள் போய்விட வேண்டும், ஃப்ரிட்ஜ் 4 டிகிரியில் இருக்க வேண்டும். முந்தின இரவே வேகவைத்து வைக்கிற வெறும் நூடுல்ஸுக்கும் இதே கணக்கு. மூன்று நாளைக்குள் சாப்பிட்டுவிடுங்கள்.

மறுநாள் சூடுபடுத்தும்போது வாணலியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, நூடுல்ஸைப் பரப்பி, ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து ஒரு நிமிடம் மூடி வையுங்கள். இறுகிய இழைகள் அந்த ஆவியில் இளகும். மூடியைத் திறந்து தீயைக் கூட்டி, சத்தம் வரும்வரை புரட்டுங்கள். நடுவில் இருக்கிற நூடுல்ஸும் ஆவி பறக்கச் சூடாகியிருக்க வேண்டும். வெங்காயத்தாள் மீதமிருந்தால் பச்சையாகவே மேலே தூவிக்கொள்ளுங்கள்.